வாழைக்கயர் படிந்த ஷால்

என் அலமாரியில் சித்தப்பாவின் கால்பந்து ஷால் ஒன்று தொங்குகிறது. பச்சையும் வெள்ளையுமாகப் பின்னியது. ஒரு முனையில் வாழைக்காய்ப் பால் பட்ட கயர் கறுப்பாய்ப் படிந்திருக்கிறது. ஹம்பேர்க் துறைமுகத்துப் பழக் கொட்டகையில் வாழைக்காய்ப் பெட்டி இறக்குவதுதான் அவர் வேலை. ஆட்டமுள்ள சனிக்கிழமைகளில் ஷாலைச் சுற்றிக்கொண்டே வேலைக்குப் போய், அங்கிருந்து நேராக மைதானத்துக்கு வருவார். போன வாரம் அவர் ஆதரித்த கால்பந்துக் கழகத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் பேசினார். பழைய வெளிநாட்டு ரசிகர்களைப் பற்றிக் கண்காட்சி வைக்கிறார்களாம். ஷாலைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கத் தருவீர்களா என்று தேனொழுகக் கேட்டார்.

ஹம்பேர்க்கின் செங்கல் கிடங்குகளைப் பார்க்க வருகிறவர்களுக்குப் படகோட்டிகள் கோப்பி, கொக்கோ, மிளகு என்று வாய் நிறையச் சொல்வார்கள். அவற்றைச் சுமந்த முதுகுகளைப் பற்றி மூச்சு விடமாட்டார்கள். ஒரு காலத்தில் ஆபிரிக்காவிலிருந்தும் எங்கள் தீவிலிருந்தும் மனிதரைக் கொண்டுவந்து, வேலிக்குள் நிறுத்தி, டிக்கெட் விற்று வேடிக்கை காட்டிய ஊர் இது. பள்ளிக்கூடத்தில் எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. மைதானத்தில் அதன் மிச்சத்தைப் பார்த்தேன்.

அப்போது நான் அவுஸ்பில்டுங் என்கிற தாதியர் தொழிற்பயிற்சி செய்துகொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை சித்தப்பாவோடு நானும் ஆட்டம் பார்க்கப் போயிருந்தேன். எங்களுக்குப் பின்வரிசையில் அவரோடு பெட்டி தூக்கும் ஜேர்மன்காரன் நின்றான். சித்தி பொரித்துக் கட்டிக்கொடுக்கும் றோல்ஸில் பாதி தினமும் அவன் வயிற்றுக்குத்தான் போகும். எதிரணியின் கறுப்பின விளையாட்டுக்காரன் ஒருவன் மூலையிலிருந்து பந்தை உதைக்க எங்கள் பக்கம் வந்தான். உடனே பின்னாலிருந்து குரங்குச் சத்தம் எழுந்தது. வளர்ந்த ஆண்கள், பிள்ளை குட்டிக்காரர், பியர் நாறும் வாயால் அப்படிக் கத்தினார்கள். அந்த ஜேர்மன்காரன் ஒரு வாழைப்பழத்தை வீசினான். அது மைதானம்வரை போகாமல் சித்தப்பாவின் காலடியில் விழுந்தது.

நிலத்தில் ஒரு சோற்றுப் பருக்கை கிடந்தாலும் மிதிக்க விடாதவர் அவர். கை தானாகப் போய்ப் பழத்தை எடுத்துவிட்டது. நிமிர்ந்தபோது அந்த விளையாட்டுக்காரன் நேராக அவரைத்தான் பார்த்தான். பழம் அவர் கையில் இருந்தது.

காவலர்கள் வந்து யார் எறிந்தது என்று கேட்டார்கள். றோல்ஸ் தின்ற அந்த வாய், "இவன்தான்" என்றது. சுற்றி நின்றவர்கள் ஆமென்று தலையாட்டிச் சிரித்தார்கள். நான் ஜேர்மன் மொழியில் கத்தியதை ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் கையைப் பிடித்து அவரை வெளியே கொண்டுபோய் விட்டு, இனி இந்தப் பக்கம் வரக்கூடாது என்றார்கள். இன்று நினைத்தாலும் அந்தச் சிரிப்பை எங்காவது காறித் துப்பவேண்டும் போலிருக்கிறது.

ரயிலில் சித்தப்பா ஷாலைக் கழற்றி என் மடியில் வைத்தார்; அவர் கேட்டது தடையைப் பற்றியல்ல.

"பந்தடிக்க வந்த அந்தப் பெடியன் என்னைப் பாத்தவன் பிள்ளை. நான்தான் எறிஞ்சனான் எண்டு நினைச்சிருப்பான், என்ன?"

"இல்லை சித்தப்பா" என்றேன். அவர் நம்பவில்லை, நானும் நம்பவில்லை.

திங்கட்கிழமை கொட்டகையில் அந்த ஜேர்மன்காரன் அவர் தோளில் தட்டி, சும்மா பகிடி, பெரிதாக எடுக்காதே என்றானாம். சித்தப்பா பெட்டியைத் தூக்கினார்; வேறு வேலை எங்கே கிடைக்கும்? ஆனால் சித்தி கட்டிக்கொடுத்த றோல்ஸை அன்றுமுதல் தனியே இருந்து தின்றார். வெள்ளிக்கிழமை சாமிக்கு வாழைப்பழம் வைப்பதையும் நிறுத்திவிட்டு ஆப்பிள் வாங்கினார்.

இப்போது அதே மைதான வாசலில் 'இனவெறிக்கு இங்கே இடமில்லை' என்று பெரிய பதாகை தொங்குகிறது. அந்த ஜேர்மன்காரன் கழகத்தின் மூத்த ரசிகர் என்று மாலை மரியாதையோடு முன்வரிசையில் இருக்கிறான். தொலைபேசியில் பேசியவரிடம் கேட்டேன்: "ஷாலைத் தருகிறேன். இவர் எறியவில்லை என்று பெட்டிக்குக் கீழே எழுதுவீர்களா?" அவர் கொஞ்சம் இருமிவிட்டு, கண்காட்சி நல்ல நினைவுகளுக்கானது என்றார். மனிதரைக் காட்சிக்கு வைத்து ஊருக்கு இன்னும் அலுக்கவில்லை.

சித்தப்பாவிடம் சொன்னேன். மூட்டு வலியால் அவர் இப்போது வெளியே போவதில்லை.

"கேட்டால் குடுத்துவிடன் பிள்ளை, எனக்கென்னத்துக்கு அது. அந்தப் பெடியனும் பாக்க வருவானோ?"

"தெரியாது சித்தப்பா."

"வந்து பாத்தால், எறிஞ்சவன்ரை ஷால் எண்டெல்லோ நினைப்பான்."

நான் ஷாலைக் கொடுக்கவில்லை.