மொட்டைத் தலையோடு பிரான்சுக்கு

பிரான்சில் ஒரு வருடம் படிக்க எனக்கு இடம் கிடைத்ததும் அம்மா செய்த முதல் காரியம், என்னை மலைக்கு இழுத்துக்கொண்டு போய் மொட்டை போட்டதுதான். மாணவர் பரிமாற்றத்தில் என் பெயர் வரவேண்டும் என்று தன் முடியையும் என் முடியையும் சேர்த்து வேண்டிக்கொண்டிருந்தாள். வயசுப் பெண், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அடுத்த வாரம் பிளேன் ஏறணும்மா! இப்ப போய் மொட்டையா?" என்று கத்தினேன்.

"சாமி கேட்டத குட்த்துட்டாரு. நாம ஏமாத்தறதா? முடி தானா வளந்துகினு போவுது, உக்காரு."

நைனாவுக்குக் கொடுக்க முடியே இல்லை, அதனால் அவர் காவடி எடுத்தார். சந்தனம் பூசிய மூன்று தலைகளும் வெயிலில் மின்ன, மலைமேல் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டோம். அதில் அம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

எங்கள் ஊரில் மொட்டைத் தலையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வேறொரு நாட்டில் அதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்ற யோசனை எங்கள் தறிக்காரத் தெருவில் ஒருவருக்கும் வரவில்லை. மீனம்பாக்கத்தில் பாஸ்போர்ட்டைப் பார்த்த அதிகாரிகூட, "திருப்பதியா, திருத்தணியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு முத்திரை குத்தினார். பாரிசில் இருந்தவரோ என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வேடிக்கை பார்க்க இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார்.

நான் தங்கவேண்டிய வீடு ஒரு சின்ன ஊரில் இருந்தது. வீட்டுக்கார அம்மாளும் அவருடைய அக்காவும் மட்டும்தான் அங்கே. முறைப்படி அக்கா எனக்குப் பெரியம்மா என்று நானே மனத்துக்குள் வைத்துக்கொண்டேன். கதவைத் திறந்தது அந்தப் பெரியம்மாதான். குளிருக்காக நான் தலையில் கட்டியிருந்த துணி அந்த நேரம் பார்த்து நழுவியது. என் தலையைப் பார்த்தவர் முகம் வெளுத்து, திரும்பி மாடிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் உட்கார்ந்த மேசைக்கு அவர் சாப்பிடவே வரவில்லை.

சில நாள் கழித்து வீட்டுக்கார அம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "திங்கட்கிழமை உன்னை வேறு வீட்டுக்கு மாற்றச் சொல்லியிருக்கிறேன்."

என் நிறம்தான் காரணம் என்று நினைத்து எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வருத்தமும்தான். அந்த வீடு எனக்குப் பிடித்துவிட்டது. தினம் ஒரு சூப், பின்பக்கம் ஆப்பிள் மரம், என் ஓட்டைப் பிரெஞ்சைச் சிரிக்காமல் காத்திருந்து கேட்கும் அந்த அம்மாள். அதையெல்லாம் விட்டுப் போக எனக்கு மனமில்லை.

"ஏன்?" என்று கேட்டேன்.

எனக்குப் புரியவேண்டும் என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். நாற்பது வருடத்துக்கு முன்னால், உலகப் போரில் ஊரைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மன்காரர்கள் விட்டுப் போன மறுநாள், அவர்களுடைய சிப்பாய் ஒருவனை விரும்பியதற்காக, அக்காவைச் சந்தைக்கு இழுத்துப் போய் எல்லோரும் பார்க்கத் தலையை மழித்தார்களாம். முடி எப்போதோ வளர்ந்துவிட்டது. ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை தலையை மூடாமல் அக்கா வெளியே போனதில்லை.

பெட்டியைத் திறந்து போட்டோவை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். அங்கே போனதும் தெரிந்த பிரெஞ்சும் பாதி மறந்துவிட்டது. படத்தை நீட்டி, "என் அம்மா" என்றேன்.

பெரியம்மா படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். "யார் இப்படிச் செய்தது?"

"அவளேதான். கடவுளுக்கு. எனக்கு இங்கே இடம் கிடைத்ததற்காக."

"சிரிக்கிறாளே!"

"ஆமாம். ரொம்பச் சந்தோஷம் அவளுக்கு."

இவர் அப்பா என்று நைனாவின் வழுக்கையையும் காட்டி, கொடுக்க இவரிடம் ஒன்றும் இல்லை என்று கைகளை விரித்தேன். பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று மதியம் கீழே வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்து சூப் குடித்தார். திங்கட்கிழமை வந்தது, போனது. வேறு வீட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

அடுத்த சந்தை நாளன்று பெரியம்மா என்னைக் கூப்பிட்டார். நான் தலைத்துணியைத் தேடினேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். அப்போதுதான் பார்த்தேன், அவர் தலையிலும் துணி இல்லை. நரைத்த முடியை அழகாக வாரிக் கொண்டை போட்டிருந்தார். கைகோத்துக்கொண்டு சந்தை முழுவதும் நடந்தோம். எல்லோரும் பார்த்தார்கள். அவர் என் கையை இறுகப் பற்றியிருந்தார்.

காய்கறி விற்ற கிழவர் என் தலையைக் காட்டி ஏதோ கேட்டார். பெரியம்மா சொன்ன பதில் எனக்கு அகராதி இல்லாமலே புரிந்தது.

"இவள் கொடுத்தாள். என்னிடம் பிடுங்கினீர்கள்."

கிழவர் தலையைக் குனிந்துகொண்டார். பெரியம்மா நிதானமாக ஒரு காலிஃப்ளவரைப் பொறுக்கி எடுத்துக் கூடையில் போட்டார்.