கண்மட்டத்தில் ஒரு நாற்காலி

ஆராய்ச்சிக்கு நாற்காலி தூக்கிக்கொண்டு போன ஒரே எம்.ஏ. மாணவன் அநேகமாக நானாகத்தான் இருப்பேன். கல்யாணப் பந்தலுக்கு வாடகைக்கு விடுகிற இரும்பு மடக்கு நாற்காலி அது. முதுகுத் தகட்டில் சிவப்புப் பெயின்டில் கடைப் பெயர். அதைத் தோளில் மாட்டிக்கொண்டு திருவிடைமருதூரில் பஸ் ஏறினேன். குத்தாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்கள் ஊருக்கு டிக்கெட் கேட்டேன். கண்டக்டர் நாற்காலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பஸ்ல சீட்டு காலியாத்தானே தம்பி இருக்கு?" என்றார். நான் சில்லறையை நீட்டினேன். பதில் சொல்ல ஆரம்பித்திருந்தால் இறங்கும் வரைக்கும் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

இத்தனை வருஷம் கழித்து இது ஏன் ஞாபகம் வந்தது என்றால், போன வாரம் ஒரு நூலகக் கூட்டத்தில் அதே ஜாதி நாற்காலி ஒன்று என் விரலைக் கடித்துவிட்டது. மடக்கு நாற்காலியிடம் கடி வாங்கியவர்களுக்குத் தெரியும், வலி போன பிறகும் துருவும் பெயின்டும் கலந்த ஒரு வாசனை விரலிலேயே கிடக்கும். மேடையில் ஒருவர் என்னைப் பற்றி ஏதோ நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தார். நான் விரலை மோந்துகொண்டிருந்தேன்.

அந்த வாசனைக்கு ஒன்றுவிட்ட உறவு சைக்ளோஸ்டைல் மை. எண்பதுகளில் நான் சமூகவியல் படித்தபோது பாடமெல்லாம் அந்த மையில் நகலெடுத்துத்தான் வரும். 'பண்புசார் ஆய்வுமுறைகள்' என்று ஒரு தாள். எங்களுக்கெல்லாம் அது பெரிய நிம்மதி, ஏனென்றால் அதில் கணக்கு கிடையாது. மனிதர்களிடம் போய்ப் பேச வேண்டும், பேசியதை எழுத வேண்டும், எழுதியதை யோசிக்க வேண்டும். இதற்குப் போய் பட்டம் தருகிறார்களா என்று எனக்கு ஆச்சரியம். எங்கள் தெருவில் எல்லோரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள், எழுதுவது ஒன்றைத் தவிர.

பேராசிரியர் வடக்கே எங்கோ படித்துவிட்டு வந்தவர். நல்ல மனுஷர். வெயில்தான் ஒத்துக்கொள்ளாது. அவர் கொடுத்த குறிப்பில் ஒரு வரி: 'தகவலாளியின் கண்மட்டத்தில் அமர்க. மேலிருந்து கேட்டால் அது விசாரணை, கீழிருந்து கேட்டால் அது மனு.' அந்த வரி எனக்கு இப்போதும் பிடிக்கும். அதனால் வந்த வினைதான் மற்றதெல்லாம்.

ஆய்வுக்குத் தலைப்பு கேட்டார். எங்கள் ஊர் விவசாயக் கூலிகளைப் பற்றிச் செய்கிறேன் என்றேன். என் அப்பா கூலி, பெரியம்மா கூலி, நானும் லீவுக்கு லீவு நாற்றுக்கட்டு சுமந்தவன். பேராசிரியர் உதட்டைப் பிதுக்கினார். "அது உன் தெருப்பா. உனக்கு அதுல தூரம் இல்ல. புறநிலையாப் பார்க்க முடியாது" என்றார். முந்தின நாள்தான் இன்னொரு மாணவன், பக்கத்து ஊர் நிலக்காரர் மகன், தன் வயலில் வேலை செய்கிற கூலிகளைப் பற்றி எழுதப்போவதாகச் சொல்லி அனுமதி வாங்கியிருந்தான்.

"சார், அவனும் அந்த ஊருதானே?"

"அவனுக்கு அந்தத் தெருவோட ஒரு தூரம் இருக்கு."

"அவங்க வீட்லேருந்து எங்க தெரு எவ்வளவு தூரமோ, எங்க தெருவுலேருந்து அவங்க வீடும் அவ்வளவு தூரந்தான் சார்."

வகுப்பு சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை, ஆனால் நியாயஸ்தர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நீ அந்தப் பக்கத்தை எழுது. உங்க ஊர் மிராசுதாரைப் பேட்டி எடு. ஆழ்நேர்காணல். அது இல்லாம ஆய்வேடு வாங்கமாட்டேன்" என்றார்.

எங்கள் ஊர் மிராசுதாரைப் பெரிய பண்ணை என்போம். அந்த வீட்டுக்குள் எங்கள் தெருக்காரர் யாரும் உட்கார்ந்ததில்லை. வாசல் வழியாகப் போனதும் இல்லை. கொல்லைப் பக்கம் மாட்டுக்கொட்டகையோரம் நிற்போம். திராவிட ஆட்சி வந்து வெகுகாலம் ஆகியிருந்தது. மேடையில் எல்லோரும் சமமாக உட்கார்ந்தாயிற்று, வீட்டில்தான் பாக்கி. எங்கள் குடிசை நின்ற மண்ணுக்குப் பட்டா வந்திருந்தது. நில உச்சவரம்புச் சட்டமும் வந்து, ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருந்தது. பெரிய பண்ணையின் நிலம் பெரிய பண்ணையிடமே இருந்தது. கோட்டையில் எந்தக் கட்சி உட்கார்ந்தாலும் அதற்கேற்ற கரை போட்ட வேட்டி ஒன்று அவர்கள் வீட்டுக் கொடியில் காயும்.

ஆக, புஸ்தகம் உட்காரச் சொல்கிறது. அந்த வீட்டில் எனக்கு நாற்காலி போடமாட்டார்கள். தரையில் உட்காரலாம், ஆனால் கண்மட்டம் வராது, மதிப்பெண் போய்விடும். நான் புரட்சிக்காரன் என்று பிற்பாடு சிலர் எழுதினார்கள். சத்தியமாக இல்லை. முதல் வகுப்புக்கு ஆசைப்பட்டவன், அவ்வளவுதான். முதல் வகுப்புக்காகத்தான் பந்தல் கடையில் கெஞ்சி நாற்காலி வாங்கினேன்.

நாற்காலியோடு வீட்டு வாசலில் நின்றபோது அப்பா மண்வெட்டிக்கு ஆப்பு அடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வருஷம் பூரா வேலை அந்தப் பண்ணையில்தான். விஷயத்தைச் சொன்னேன்.

"அவரு வீட்ல போயி உக்காரப்போறியா?"

"ஆமாப்பா. அப்படித்தான் கேக்கணுமாம்."

"நின்னுகிட்டே கேளேண்டா. காதுல விழாமயா போயிடும்?"

அவர் தடுக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். நாளைக்கு வேலை போகும் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆப்பு சரியாக இறங்கியிருக்கிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டு, "போறதுதான் போற, சட்டைய மாத்திக்கிட்டுப் போ" என்றார்.

வாசல் வழியாகப் போனேன். கணக்குப்பிள்ளை மறித்தார்.

"என்னடா அது தோள்ல?"

"நாற்காலிங்க."

"இங்க கல்யாணம் ஒண்ணும் இல்லியே."

"இல்லீங்க. உக்கார்றதுக்குங்க."

"யாரு?"

இதைவிடக் கூர்மையான ஆய்வுக் கேள்வியை இன்றுவரை நான் கேட்டதில்லை. பேராசிரியரின் குறிப்பில்கூட இல்லை.

பெரிய பண்ணை கூடத்தில் சாய்வு நாற்காலியில் கால் நீட்டிப் படுத்திருந்தார். பல்கலைக்கழகக் கடிதத்தைப் படித்தார். தலையாட்டினார். நான் நாற்காலியைத் தோளிலிருந்து இறக்கி, கூடத்தின் நடுவில் விரித்தேன். அந்தக் கிரீச் இருக்கிறதே, கொல்லை வரைக்கும் கேட்டிருக்கும். கேட்டது. கொட்டகையில் வைக்கோல் பிடுங்கிக்கொண்டிருந்த நாலைந்து பேர் கொல்லைக் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்கள். எல்லாம் எங்கள் தெரு முகங்கள். உட்கார்ந்துவிட்டேன்.

பெரிய பண்ணை எழுந்து நின்றார்.

கோபமாக எழுந்தால் பயந்திருப்பேன். மெதுவாக எழுந்தார், தூணில் ஒரு கையை வைத்தார், "கேளு" என்றார். அவர் உட்காருவார் என்று காத்திருந்தேன். உட்காரவில்லை. பேட்டி முடிகிற வரைக்கும் உட்காரவில்லை. கேசட் ஒரு பக்கம் ஓடி முடிந்து, நான் திருப்பிப் போட்டேன். நின்றுகொண்டே இருந்தார்.

"உங்களுக்கு எவ்வளவு நிலங்க?"

"எனக்கா? சர்க்கார் கணக்குல நான் அரைப் பிச்சைக்காரன். எங்க சமையக்காரன் என்னைவிடப் பெரிய மிராசு. செத்துப்போன அத்தைக்கு இருக்கு. பொறக்காத பேரனுக்கு இருக்கு." டேப்ரிக்கார்டரைப் பார்த்தார். "அது ஓடுதா?"

"ஓடுதுங்க."

"ஓடட்டும். கேக்குற எடத்துல இருக்கறதெல்லாம் நம்ம ஆளுங்கதான்." பிறகு என்னையும் நாற்காலியையும் சேர்த்து ஒரு பார்வை. "இதுக்கு உங்கப்பன் ஒண்ணும் சொல்லலியா?"

"நின்னுகிட்டே கேக்கச் சொன்னாருங்க. புஸ்தகத்துல உக்காரச் சொல்லியிருக்கு."

"புஸ்தகம் எழுதினவன் இந்தப் பக்கம் வந்ததில்லபோல."

நான் நாற்காலியை மடக்கிக்கொண்டு தெருவுக்குத் திரும்புவதற்குள் கதை எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. 'நம்ம புள்ள உக்காந்து விசாரிக்கிறான், பெரிய பண்ணை நின்னு பதில் சொல்றாரு.' கீழத்தெருக் கோடிக்குக் கதை போனபோது பெரிய பண்ணை கை கட்டியிருந்தார். குளத்தங்கரையில் கண் கலங்கியிருந்தார். தரவு கைமாறும்போது எப்படித் திரிகிறது என்று ஒரு முழு அத்தியாயம் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. கேட்க அவ்வளவு சுகமாக இருந்தது.

சாயங்காலம் கணக்குப்பிள்ளை தெருமுனையில் வந்து நின்று மறுநாள் நடவுக்கு ஆள் சொன்னார். அப்பா பேர் வரவில்லை. "உன் மவன்தான் நாற்காலிக்காரனாயிட்டானே, நீ எதுக்குச் சேத்துல எறங்குற?" என்றார். பதில் சொன்னது என் பெரியம்மா. நடவுப் பெண்களுக்கெல்லாம் அவள்தான் முன்கை; அவள் முதல் நாற்றை ஊன்றினால்தான் மற்றவர்கள் ஊன்றுவார்கள்.

"அவரு எறங்கலன்னா நாங்களும் எறங்கல."

"நாத்து முத்திப்போயிடும், தெரிஞ்சுதான் பேசுறியா?"

"முத்தட்டுமே. உங்க பண்ணை நின்னுகிட்டே இருக்காரே, அப்படியே குனிஞ்சு நட்டுக்கச் சொல்லுங்க."

மறுநாள் வாய்க்காலில் தண்ணீர் நிறைய வந்தது. பெரிய பண்ணையின் வயலில் யாரும் இல்லை. பிடுங்கிப் போட்ட நாற்றுமுடிகள் வரப்பில் மஞ்சளாகிக்கொண்டு வந்தன. பெண்கள் குளத்தில் துணி துவைத்தார்கள், சாவகாசமாக, பண்ணை வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கல்லில் அடித்து. அடுத்த நாளும் அப்படியே. அதற்கப்புறம் கணக்குப்பிள்ளை வந்து, யாரையும் பார்க்காமல் வாய்க்காலைப் பார்த்து அப்பா பெயரைச் சொன்னார்.

அப்பா அதைப் பற்றி என்னிடம் ஒரே தடவைதான் கேட்டார். "உக்காந்தியே, எப்படி இருந்துச்சு?"

"ஆடுச்சுப்பா."

"நீயா, நாற்காலியா?"

வாய்மொழித் தேர்வில் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் என் ஆய்வேட்டைப் புரட்டிவிட்டு, தகவலாளி நின்றுகொண்டிருந்ததால் கண்மட்ட விதி மீறப்பட்டிருக்கிறது, அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டால் முதல் வகுப்பு தரலாம் என்றார். எந்த முதல் வகுப்புக்காக நாற்காலி சுமந்தேனோ அது மேஜைக்கு அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டிருந்தது. என் பேராசிரியர் கண்ணால் கெஞ்சினார்.

"விதியை நான் மீறல சார். அவர் மீறினார். ஒருத்தர் என்னோட சமமா உக்காரமாட்டேன்னு கால்கடுக்க நிக்கிறாருன்னா, அதை எடுத்துட்டு நான் வேற என்னத்தை ஆய்வேடுன்னு குடுக்கறது?"

இரண்டாம் வகுப்பு கொடுத்தார்கள். அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் முதல் வகுப்பைத்தானே மாட்டுவார்கள் என்று குழம்புகிறார்கள். குழம்பட்டும்.

சில வருஷங்களுக்கு முன்னால் என் மகளோடு பெரிய பண்ணை வீட்டுக்குள் மறுபடி போனேன். இப்போது அது வீடு இல்லை. சவூதியிலிருந்து திரும்பிய பாய் ஒருவர் வாங்கிக் கல்யாண மண்டபம் ஆக்கிவிட்டார். எங்கள் தெருப் பெண்ணுக்குத்தான் அன்றைக்கு அங்கே கல்யாணம். தூண்களுக்குப் பட்டுத்துணி சுற்றியிருந்தது. மாட்டுக்கொட்டகை கார் நிறுத்துமிடம். பாய் வாசலுக்கே வந்து, "வாங்க சார், உள்ள உக்காருங்க" என்றார். பெரிய பண்ணை இல்லை, கணக்குப்பிள்ளை இல்லை, கொல்லை வழி இல்லை. அதில் எதற்கும் எனக்குக் கண் கலங்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. பக்கத்து வயலில் நடவு இயந்திரம் ஒன்று தானாக முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. அது யாருக்காகவும் இறங்கமாட்டேன் என்று சொல்லாது. பெரியம்மாவின் கூட்டம் கலைந்தே போயிற்று. முத்தட்டும் என்று சொல்வதற்கு இப்போது ஊரில் ஆளில்லை.

பெரிய பண்ணையின் மகனும் சென்னையிலிருந்து வந்திருந்தார். வெள்ளை வேட்டி, கரை இல்லை. சாப்பிட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நாற்காலிக் கதையை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"சார், ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்கமாட்டீங்களே? அப்பாவுக்கு அந்த வருஷம் மூலம். படுப்பாரு, இல்லேன்னா நிப்பாரு. உக்காரவே முடியாது. நீங்க அதை ஒரு அத்தியாயமா எழுதிட்டீங்களாம்."

காரில் ஊர் திரும்பும்போது மகளிடம் அடித்துச் சொன்னேன்: "பாத்தியா, அப்பாவுக்கு மூலம்னு ஊரறியச் சொல்லத் தயாரா இருக்காரு. எங்கூடச் சமமா உக்காரப் பிடிக்காம நின்னாருங்கிறதை மட்டும் ஒத்துக்கத் தயாரா இல்ல. அதுவும் தரவுதான். நான் ஒரு வரி மாத்தமாட்டேன். அந்த வீட்ல முதல்ல உக்காந்தவன் நான்தான்."

அவள் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"அவங்க வீட்டு நாற்காலி ஒண்ணு உங்களுக்குக் கடைசிவரைக்கும் போடவே இல்லியேப்பா. நீங்க கொண்டுபோனதுல நீங்க உக்காந்தீங்க. அதுக்குப் பேசாம பஸ் ஸ்டாண்டுலயே விரிச்சுப் போட்டு உக்காந்திருக்கலாம்."