மான் போட்ட டின்

எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகை ஆயா முத்தாயியை எனக்குக் கண்டாலே ஆகாது. மலாயாவில் தம்பின் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் அது, ஜப்பான்காரன் ஆண்ட காலம். ஆம்பிளைகளைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். முத்தாயி புருசன் முதல் லாரியிலேயே போய்விட்டான். என் வீட்டுக்காரர் மாயாண்டி காட்டுக்குள் ஒளிந்திருந்தார். தன் புருசனைப் பறிகொடுத்தவளுக்கு அடுத்தவள் புருசன் மேல் வயிறு எரியாதா? போதாக்குறைக்கு, ஜப்பான்காரனுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் கங்காணி மண்டோரோடு வேறு நின்று பேசுவாள்.

கொட்டகைப் பிள்ளைகளின் பால் டின் ஒவ்வொன்றிலும் தாரால் ஒரு மிருகம் வரைந்திருப்பாள். அதே மிருகம் அந்தப் பிள்ளை உட்காரும் கோணிச்சாக்கிலும் இருக்கும். டின்களைக் கலைத்துப் போட்டுவிட்டு, "ஆனைக்கு ஜோடி எங்க? பூனைக்கு ஜோடி எங்க?" என்பாள். பொடிசுகள் விழுந்தடித்து ஓடிப்போய் டின்னை அதனதன் சாக்கில் வைக்கும். அப்புறம்தான் கிழங்குக் கஞ்சி. என் மகள் நீலாவதிக்கு மான். நாலு வயசுதான், ஒரு தடவைகூடத் தப்பமாட்டாள்.

ஒரு சாயங்காலம் அவசரத்தில் கொட்டகையிலிருந்து எடுத்த அந்த மான் டின்னிலேயே, காட்டிலிருந்த என் வீட்டுக்காரருக்குக் கஞ்சி கொண்டுபோனேன். யாரோ வரும் சத்தம் கேட்டது. டின்னைக் காட்டோரம் போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் காலை முத்தாயி பிள்ளையிடம், "உன் மான் எங்கடி?" என்றாள்.

"அம்மா எடுத்துட்டுப் போச்சு."

"எங்க எடுத்துட்டுப் போச்சு?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "புள்ளகிட்ட என்னா விசாரண? ஆத்துல போயிடுச்சு லா!" என்று கத்தினேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். மண்டோர் காதில் ஓதப்போகிறாள் என்றே நினைத்தேன்.

மத்தியானம் பிள்ளையைக் கூப்பிடப் போனால், மண்டோர் அங்கே நிற்கிறான். கையில் என் டின்!

"எவனுக்கோ காட்டுல சோறு போவுது. பாப்பா, இதுக்கு ஜோடி எங்க? வை பாப்போம்," என்று நீலாவதியிடம் நீட்டினான். அடிப்பாவி, இதற்குத்தான் விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தாயா என்று முத்தாயியைப் பார்த்துப் பல்லைக் கடித்தேன்.

நீலாவதி துள்ளிக்கொண்டு ஓடினாள். மான் சாக்கருகே போய் நின்றாள். "மான்தான் வந்தாச்சே!" என்றாள். அங்கே ஏற்கெனவே இருந்த ஒரு மான் டின்னை உள்ளங்கையால் தட்டிக் காட்டினாள்.

"அது போன மாசம் களவு போன டின்னுங்க," என்றாள் முத்தாயி. "வேற வரஞ்சு வச்சேன்."

"அப்பவே ஏன் சொல்லல?" அவள் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விட்டு மண்டோர் போய்விட்டான்.

பிள்ளையைத் தூக்கினேன். அவள் உள்ளங்கையில் காயாத தார். போன மாசமில்லை, இன்று காலைதான் முத்தாயி அந்த மானை வரைந்திருக்கிறாள்.

"என் வீட்டுக்காரருக்காக நீ அறை வாங்கணுமா அக்கா?"

முத்தாயி வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டே என்னை முறைத்தாள். "உன் புருசனுக்காக எவ வாங்குவா? வெளையாட்டுல அப்பனக் காட்டிக் குடுத்துட்டு, வளந்தப்புறம் இந்தப் புள்ள எப்படித் தூங்கும்?"

ஜப்பான் சண்டை முடிந்து மாயாண்டி வீடு திரும்பினார். நீலாவதி பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். இன்றுவரை அவளிடம் நான் இதைச் சொன்னதில்லை.