கொம்புப் பெயிண்ட் பூசிய படை

பெங்களூர் அறையில் ஒரு பழைய கோப்ளின் பொம்மைக்குப் பச்சை பூசிக்கொண்டிருந்தேன். மேசைமேல் படை நிறுத்திப் போர் விளையாடுகிறவர்களின் விரலளவுப் பூதம் அது. உடைந்த ஜீப் பொம்மையை அறுத்து அதற்கு வண்டியும் ஒட்டியிருந்தேன். எனாமல் வாசனை மூக்கில் ஏறியதும் கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊர் வந்துவிட்டது.

அங்கே சின்ன வயதில், பொங்கலுக்கு மாட்டுக் கொம்பில் அடித்து மிஞ்சிய பெயிண்ட்தான் எனக்கு. ஒரு பொம்மையின் தலையை இன்னொன்றின் உடம்பில் செருகிப் பதினொரு பூதங்கள் செய்தேன். தீப்பெட்டி அட்டையில் வண்டி, சோடா மூடியில் சக்கரம். ஐந்தாவதோடு பள்ளியை விட்டிருந்தேன்; வேறு வேலை இல்லை.

அந்த வருஷம் மழை பொய்த்தது. மழை வேண்டி, வைக்கோலில் கொடும்பாவி கட்டித் தெருத்தெருவாக இழுத்தார்கள். அண்ணன் என்னிடம் வந்தான்.

"ஏலே, ஒம் பூதத்தையெல்லாம் குடு. கொடும்பாவி மேல ஏறி வரட்டும், ஊரே பாக்கும்."

"எரிக்கதுக்கு முன்னால அவுத்துத் தந்துருவேல்லா?"

"பின்ன, நானா வச்சி வெளயாடப் போறேன்?"

பெருமையாக நானே கட்டிவிட்டேன். ஊர் எல்லையில் தீ வைத்தபோது அண்ணன் எதையும் அவிழ்க்கவில்லை. பெயிண்ட் பூசிய பூதங்கள் குப்பென்று பிடித்தன.

"சொல்லியிருந்தா குடுத்திருப்பியாலே?" என்றான்.

மூன்றாம் நாள் மழை கொட்டியது. அம்மாவும் அவன் பக்கம் சேர்ந்துவிட்டாள். "ஒம் பொம்மையாலதாம்லே பெஞ்சிருக்கு. மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிடாத."

கோபப்படக்கூட எனக்கு இடமில்லாமல் போனது.

இப்போது பெங்களூரில், ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு என் கோப்ளின்களை இரவல் கேட்டார் பக்கத்து அறைக்காரர்.

"தாரேன் சார். ஆட்டம் முடியுத வரைக்கும் நானும் அங்கனயே நிப்பேன்" என்றேன்.