நான்கு சிரிஞ்சு கேன் தண்ணீர்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் முப்பது வருஷம் ஊறல் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டவன் நான். அங்கே ஒரே சட்டம்: தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்க்கும் தோல், மறுநாள் நாறும். ஓய்வு பெற்ற பின்னும், வீட்டில் ஊறும் உளுந்து எட்டிப் பார்த்தால்கூடக் கை பரபரக்கும்.

காட்பாடியில் ஆராய்ச்சி செய்யும் மகள், ஒரு திங்கட்கிழமை மாலை இரண்டு கண்ணாடிக் குப்பிகளோடு வந்தாள். அவள் ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டி பழுதாம். ஒவ்வொரு குப்பியிலும் விரல் நகம் அளவு ஆட்டுத்தோல், தெளிந்த திரவத்தில் மிதந்தது. வெள்ளிக்கிழமை மும்பை ரயில். அங்கே அணு உலையில் நியூட்ரான் கதிர் அவளுக்கு மூன்று நாள் ஒதுக்கப்பட்டிருந்தது. தவறவிட்டால் மறுபடி எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது.

"தோல் நாருக்குள்ள தண்ணி எங்க உக்காருதுன்னு பாக்கப் போறேம்பா" என்று சொல்லி, குப்பிகளை எங்கள் ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்தாள்.

வியாழன் மாலை பெட்டி கட்டிக்கொண்டிருந்தவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

"ஒரு குப்பில தோல் எட்டிப் பாத்துச்சும்மா. நேத்தே முக்கி விட்டுட்டேன்."

"எதுல?"

"நம்ம கேன் தண்ணிலதான்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, அது கனநீர்! சாதாத் தண்ணில இருக்கிற ஹைட்ரஜன் நியூட்ரானக் கண்ட பக்கம் சிதறடிக்கும். பஸ் ஸ்டாண்டு இரைச்சல்ல ஒருத்தர் பேசறதக் கேக்கற மாதிரி ஆயிடும். கனநீர் சத்தம் போடாது, அதுக்குத்தான் அதுல ஊறப்போட்டேன். கைல வேற கனநீரும் இல்ல."

"பாத்தா தண்ணி மாதிரிதான இருந்துச்சு?"

"ஷாப்ப விட்டு வந்தாலும் புத்தி மட்டும் தொட்டிலயே ஊறிட்டிருக்கு" என்றாள் சமையலறையிலிருந்து மனைவி. "எவ்ளோ ஊத்தனாருன்னு உங்கப்பா டைரியப் பாரு. தும்முனாக்கூட எழுதி வைப்பாரே."

மகள் சட்டென்று நிமிர்ந்தாள். "எழுதியிருக்கியாப்பா?"

எழுதாமல் எப்படி? டைரியை எடுத்து வாசித்தேன்: "புதன், காலை 7.10. மகளின் இடப்பக்கக் குப்பி. தோல் முனை வெளியே. புது இன்சுலின் சிரிஞ்சால் நான்கு முறை தண்ணீர், ஒவ்வொரு முறையும் நாற்பது கோடு. ஒரு சொட்டு கத்தரிக்காய் மேல் சிந்தியது."

"நாற்பது கோடுன்னா ஒரு மில்லி. நாலு மில்லி, ஒரு சொட்டு கம்மி." கத்தரிக்காயையும் எடுத்துப் பார்த்தாள். பிறகு காகிதத்தில் கணக்குப் போட ஆரம்பித்தாள்.

"இடப்பக்கக் குப்பில எப்படியும் மும்பைல போய்த் தண்ணி கலக்கறதா இருந்தேன்" என்றாள் கடைசியில். "கலவைய மாத்தனா நாருல வேற வேற பகுதி தெரியும். நான் நெனச்ச அளவு இது இல்ல. ஆனா எவ்ளோன்னு தெரிஞ்சா போதும். நல்லவேளை, வலப்பக்கத்தத் தொடல. அது சுத்தக் கனநீர்லயே இருக்கணும்."

"அதுல தோல் நல்லா முங்கியிருந்துச்சு" என்றேன்.

அடுத்த வாரம் புதன், மாலை 4.20க்கு மும்பையிலிருந்து போன். இரண்டு குப்பிகளிலும் அளவீடுகள் நன்றாக வந்துவிட்டனவாம். இடப்பக்கக் குப்பிக்கு அவள் நோட்டில் "அப்பா கலவை" என்று பெயராம்.

இப்போது எங்கள் காய்கறித் தட்டில் அவள் ஒட்டிய சீட்டு இருக்கிறது: "எது எட்டிப் பார்த்தாலும் தொடாதே. தொட்டால் எழுது." அதைப் படித்த நாளையும் நேரத்தையும் டைரியில் குறித்திருக்கிறேன்.