ஐரிஷ் மைதானத்தில் பதின்மூன்றாவது ஆள்

போன கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, முப்பத்தோராவது மாடியில், ஓர் இளம் ஐரிஷ்காரன் தன் கூட்டாளிக்கு ஒரு டேப் உருளையை எறிந்தான். எறி பிழைத்துவிட்டது. உருளை கூட்டாளியின் தலைக்கு மேலால் போய், கட்டடத்தின் விளிம்பை நோக்கிப் பறந்தது. கீழே சனம் நடக்கிற தெரு. இடையில் நான் நின்றேன். யோசிக்க நேரமில்லை. எழும்பி, வலது கையை முழுதாக நீட்டி, அதைப் பிடித்துவிட்டேன்.

நான் ஒரு தச்சன். கொங்கிரீட் ஊற்றுவதற்கு முன் அதற்கான அச்சைப் பலகையால் கட்டுவதும், இறுகிய பிறகு அதைக் கழற்றி மேல் மாடிக்கு ஏற்றுவதும் என் வேலை. பத்தொன்பது வருஷமாக ரொறொன்ரோவில் இதைத்தான் செய்கிறேன். எங்களை வேலை வாங்கும் போர்மன் ஐரிஷ்காரர், ஐம்பத்தைந்து வயது. அவருக்குக் கோபம் வந்தால் அடுத்த கட்டடத்திலும் கேட்கும். எறிந்தவனுக்கு அன்றைக்கு விழுந்த ஏச்சை நான் இங்கே எழுத முடியாது. அது முடிந்ததும் அவர் நேரே என்னிடம் வந்து, என் கைகளைப் பார்த்தார்.

"நீ என்ன விளையாடுவாய்?"

"கரப்பந்து. ஸ்காபரோவில் எங்கள் ஆட்களின் போட்டிகளில்."

"ஞாயிற்றுக்கிழமை என்ன வேலை?"

"அஜக்ஸில் என் வீட்டுப் புல்லை வெட்ட வேண்டும்."

"புல் எங்கேயும் ஓடாது. என்னிடம் பன்னிரண்டு பேர்தான் இருக்கிறார்கள். பதின்மூன்று வேண்டும்."

அவர் ஓர் ஐரிஷ் கால்பந்து அணியைப் பழக்குகிறார் என்பது சைட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த அணியில் இருப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வருஷ விசாவில் வந்து எங்களோடு வேலை செய்யும் பொடியன்கள். விசா முடிந்து இரண்டு பேர் திரும்பிப் போய்விட்டார்கள். ஒருவன் தோள் எலும்பை முறித்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி. பெயரை அந்த வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் கொடுக்க வேண்டும்.

"எனக்கு அந்த விளையாட்டே தெரியாதே" என்றேன்.

"பிடிக்கத் தெரியும். மற்றதை ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன்."

ஏன் சரியென்று சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் சொன்ன கணத்திலிருந்து நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கியது. முப்பத்தொன்பது வயதில் அப்படி ஒரு படபடப்பு வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

வீட்டில் சொன்னபோது மனைவி சட்டியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"என்னப்பா, உங்களுக்கு விசரே? தெரியாத விளையாட்டு, அதுவும் உந்த முழங்காலோடை!"

"ஓம் எண்டு சொல்லிப்போட்டன்."

"சொல்லிப்போட்டியளோ? அப்ப நானும் வாறன். கால் முறிஞ்சா ஆர் காரைத் திருப்பி ஓட்டுறது?"

பன்னிரண்டு வயது மகள் அதற்குள் போனில் ஆட்டங்களைத் தேடி எடுத்துவிட்டாள். "அப்பா, வெயிட். நீங்க பந்தைப் பிடிக்கலாம், பட் நாலு ஸ்டெப்புக்கு மேல நடக்க ஏலாது. பிறகு பவுன்ஸ் பண்ணோணும், இல்லாட்டி காலால தட்டி நீங்களே பிடிக்கோணும். ஓகே?" எங்கள் பந்து போலவே உருண்டையான பந்து, கொஞ்சம் பாரம் கூட. கம்பத்தின் குறுக்குச் சட்டத்துக்கு மேலால் போனால் ஒரு புள்ளி. கீழால் வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று புள்ளி. எனக்கு அவ்வளவுதான் மண்டையில் ஏறியது. சனிக்கிழமை முழுவதும் வெட்டாத புல்லில் கரப்பந்தை வைத்துப் பழகினோம். நாலடி நடந்து பந்தைக் காலால் தட்டினால் அது பக்கத்து வீட்டுக்காரரின் தக்காளிக்குள் போய் விழுந்தது. அவர் மூன்று தரம் எடுத்துத் தந்தார். நாலாவது தரம் வெளியே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நாலு நூற்றொன்று நெடுஞ்சாலையில் ஏறி, நகரத்தைக் குறுக்கே கடந்து, விமான நிலையத்துக்கும் அப்பால் போனோம். பிரதான வீதியிலிருந்து ஒரு மண் பாதை. அதன் முடிவில் அப்படி ஒரு மைதானம் இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. இரண்டு பக்கமும் எச் எழுத்துப் போல உயர்ந்த கம்பங்கள். ஓரத்தில் ஒரு நீளமான தாழ்ந்த கட்டடம். நூறு, நூற்றைம்பது பேர் நாற்காலிகளோடும் பிள்ளைகளோடும் வந்திருந்தார்கள். ஒருவருக்கும் நாங்கள் விநோதமாகத் தெரியவில்லை. ஒரு பெண் மனைவியின் கையில் தேநீரைத் திணித்துவிட்டுப் போனாள்.

உடை மாற்றும் அறையில் சப்பாத்துக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது கூரையைப் பார்த்தேன். ப்ளைவூட். அதில் சாம்பல் நிறக் கறை, வரிசையாக ஆணித் துளைகள். என் தொழில்காரனுக்கு அது என்னவென்று யாரும் சொல்லத் தேவையில்லை. கொங்கிரீட் அச்சுக்குப் பாவித்த பலகை. நாலைந்து மாடிக்காவது பாவித்திருப்பார்கள். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்ட போர்மன், "பலகையைப் பிறகு பார்க்கலாம், வா" என்று என்னை இழுத்துக்கொண்டு போனார்.

எதிரணியின் கோலுக்குக் கிட்ட என்னை நிறுத்தினார்கள். "இங்கேயே நில். உயரமாக வந்தால் பிடி. பிடித்தால் எங்கள் சட்டைக்காரன் ஒருவனிடம் கொடு" என்பதுதான் எனக்குக் கிடைத்த பாடம்.

விசில் ஊதியது. முதல் பந்தைப் பிடித்த சந்தோஷத்தில் ஏழடி ஓடிவிட்டேன். விசில். இரண்டாவது பந்தைப் பிடித்துத் திரும்புவதற்குள் ஒரு சிவப்புத் தலைமயிர்க்காரன் தோளால் இடித்தான். நான் ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம். தோளோடு தோள் இடிக்கலாமாம். விழுந்தவனைக் கைகொடுத்துத் தூக்கியவனும் அவன்தான். "நல்லாயிருக்கிறாயா?" என்று கேட்டுவிட்டு அடுத்த நிமிஷம் திரும்பவும் இடித்தான். மூன்றாவது பந்தை இரண்டு பேருக்கு மேலால் எழும்பிப் பிடித்தேன். கால் தரையில் படுவதற்குள்ளேயே கரையிலிருந்து ஒரு சத்தம் எழுந்தது. முழங்கால் நோவெல்லாம் மறந்துபோயிற்று. பதினெட்டு வயதில் போல உடம்பு முழுவதும் காற்று நிரம்பியிருந்தது.

இடைவேளையில் சமநிலை. இரண்டாம் பாதியில் அவர்கள் மெல்ல மெல்ல முந்தினார்கள். கடைசி நிமிஷம் வந்தபோது நாங்கள் இரண்டு புள்ளி பின்னால். "கோல்! கோல் வேணும்!" என்று போர்மன் கத்தியது மைதானத்தின் மறுகரையில் நின்ற எனக்குக் கேட்டது.

நடுவில் நின்ற, எங்கள் சைட்டில் மின்வேலை செய்யும் பொடியன் கிடைத்த பந்தை ஒரே உதையாக மேலே உதைத்தான். அது ஏறி, நின்று, நேரே என்னை நோக்கி இறங்கியது. அவர்களின் கோல்காப்பாளன் முஷ்டியை மடக்கிக்கொண்டு ஓடி வந்தான். பிடித்தால் அவன் என்மேல் விழுவான், எல்லாம் முடிந்துவிடும். எனக்கு விளையாட்டு ஒன்றும் தெரியவில்லை, வலை மட்டும் தெரிந்தது. இருபத்தைந்து வருஷமாகப் பழகிய கால் தானாக மூன்றடி எடுத்து வைத்தது. எழும்பினேன். கோல்காப்பாளனின் முஷ்டிக்கு ஒரு சாண் மேலே, விரித்த உள்ளங்கையால், கரப்பந்தை அறைவது போலப் பந்தை அறைந்தேன்.

அது அவன் தலைக்குப் பின்னால் நிலத்தில் குத்தி வலைக்குள் போனது.

எல்லோரும் ஒரேநேரத்தில் கத்தத் தொடங்கினார்கள். "கையால் அடித்தான்! கையால் அடித்தான்!" என்று எதிரணிக்காரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். எனக்கு உள்ளங்கை எரிந்தது. எங்கள் ஆட்களின் ஆட்டத்தைக் கெடுத்துவிட்டேனோ? கோல் கம்பத்துக்கு இரண்டு பக்கமும் வெள்ளைக் கோட்டுப் போட்ட இரண்டு பேர் நிற்பார்கள். நடுவர் அவர்களிடம் நடந்துபோனார். அப்போது புள்ளிப் பலகைக்குப் பக்கத்திலிருந்த ஒரு கிழவர் எழுந்து, கைத்தடியை ஆட்டிக்கொண்டு கத்தினார்:

"அந்தரத்தில் வந்த பந்து! அவன் பிடிக்கவில்லை! பிடிக்காமல் அடித்தால் கோல்தான்! புத்தகத்தைப் பார்!"

வெள்ளைக் கோட்டுக்காரர் ஒருவர் குனிந்து பச்சைக் கொடியை எடுத்து உயர்த்தினார். கோல்.

எனக்கு மேலே எத்தனை பேர் விழுந்தார்கள் என்று தெரியாது. அந்தக் குவியலுக்கு அடியில் கிடந்தபோதும் மனைவியின் குரல் கேட்டது. "அடிச்சிட்டார்! அடிச்சிட்டார்!" என்று அவள் கையில் தேநீர்க் கோப்பையோடு துள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற பொடியன்கள் அது என்ன சொல் என்று மகளிடம் கேட்டார்கள். விசில் ஊதி ஆட்டம் முடிந்து, நாங்கள் ஒரு புள்ளியால் வென்று வெளியே வரும்போது இருபது ஐரிஷ்காரர் தாளம் போட்டுக்கொண்டு "அடி-சிட்-டார், அடி-சிட்-டார்" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

நீளக் கட்டடத்துக்குள் சாண்ட்விச்சும் தேநீரும் பியரும். கைத்தடிக் கிழவர் என்னைத் தேடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எண்பத்தாறு வயது. அவரும் அச்சுப் பலகைத் தச்சன்தானாம்.

"கூரையைப் பார்த்தாயாமே" என்றார். "எந்தக் கட்டடம் என்று சொல் பார்ப்போம்."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாக் கட்டடமும்தான். முடிந்த பலகையை எறிய விடமாட்டோம். சனிக்கிழமைகளில் லொறியில் ஏற்றிக்கொண்டு வருவோம். இந்த இடம் அப்போது வெறும் சோளக்காடு."

சுவரில் ஒரு படம் தொங்கியது. முப்பது இளைஞர்கள், சேறு படிந்த சப்பாத்து, பின்னால் அரைவாசி எழுந்த இதே சுவர். அவர் விரலால் மூன்று முகங்களைத் தொட்டார். "இவன் விழுந்தான். இவனும். இவன் மண் சரிந்து போனான். அப்போது இடுப்பில் கட்டப் பட்டியும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. நாங்களே காசு சேர்த்து ஊரில் அவர்களின் வீட்டுக்கு அனுப்பினோம்." விரலைப் படத்திலிருந்து எடுத்தார். "இரண்டு வருஷம் என்று வந்தோம். நான் வந்து அறுபத்துநாலு வருஷம்."

முப்பத்தோராவது மாடியில் எனக்கு இடுப்பில், விழாமல் காக்கும் ஒரு பட்டி இருக்கிறது. தினமும் காலையில் அது இறுக்குகிறது என்று ஏசிக்கொண்டுதான் கட்டுவேன். அது சும்மா வந்துவிடவில்லை என்பது அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

"உன் அப்பாவும் தச்சனா?" என்று கேட்டார்.

"இல்லை. அகதியாக வந்தவர். ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவினார். பதினாறு வருஷம்."

"எந்த ஹோட்டல்?"

சொன்னேன். அவர் மேசையில் ஓங்கி அடித்தார். தேநீர் சிந்தியது. "நிலக்கீழ் சமையலறையா? நடுவில் ஒரு தூண் இருக்குமே! அதற்கு அச்சுக் கட்டியவன் நான்தான்!"

எனக்கு மயிர் கூச்செறிந்தது. அந்தத் தூணை நான் ஒருநாளும் கண்டதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அதைத் தெரியாதவர் இல்லை. சின்ன வயதில் ஒவ்வொரு நாளும் அப்பா வேலையால் வந்து தோளைத் தடவிக்கொண்டு, "எந்த விசரன் குசினிக்கு நடுவிலை தூண் கட்டினவன்?" என்று ஏசுவார். தட்டுகளை அடுக்கித் தூக்கிக்கொண்டு திரும்பினால் தோள் அதில்தான் முட்டும்.

நான் அங்கேயே போனை எடுத்து, வோபர்னில் இருக்கும் அப்பாவை அழைத்தேன்.

"அப்பா, உங்கட குசினித் தூணைக் கட்டின ஆள் இஞ்சை எனக்குப் பக்கத்திலை இருக்கிறார்."

"என்னது?"

"உண்மையாத்தான். ஐரிஷ்காரர்."

"குடு, குடு அவரிட்டை போனை!"

ஒலிபெருக்கியில் போட்டேன். முழு அறையும் காதுகொடுத்தது. அப்பா தன் ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, "சேர், அந்தத் தூண் ஏன் அங்கே?" என்று கேட்டார்.

கிழவர் குனிந்து போனுக்குக் கிட்ட வாயைக் கொண்டுபோனார். "நானும் அதைத்தான் கேட்டேன், சேர்! வரைபடத்தில் இருக்கிறது, கட்டு என்றார்கள். பதினாறு வருஷமாக உங்கள் தோளை இடித்ததற்கு மன்னிக்க வேண்டும்."

போனுக்கு அந்தப் பக்கம் அப்பா சிரித்த சிரிப்பை நான் அம்மா செத்த பிறகு கேட்டதில்லை. "பரவாயில்லை. நல்ல பலமான தூண். கட்டடம் விழவில்லைத்தானே!"

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் மகள் வாய் ஓயவில்லை. அவளுக்குப் பெண்கள் அணியில் சேர வேண்டுமாம், கிழவரிடம் கேட்டும்விட்டாளாம். மனைவிதான் காரை ஓட்டினாள். என்னால் முழங்காலை மடக்க முடியவில்லை.

இரண்டு கிழமைக்குப் பிறகு இறுதிப் போட்டி. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். எட்டுப் புள்ளியால் தோற்றோம். என்னை மறித்து நின்றவன் எழும்பவே விடவில்லை. எனக்கு அழுகை வரும்போலிருந்தது, ஒரு மாதத்துக்கு முன் விதியே தெரியாத விளையாட்டுக்காக. ஆட்டம் முடிந்து பார்த்தால், அப்பாவும் கிழவரும் புள்ளிப் பலகைக்குப் பக்கத்தில் அருகருகே உட்கார்ந்து, ஒரு சாண்ட்விச் பெட்டியின் மூடியில் ஹோட்டல் சமையலறையின் படத்தைக் கீறிக்கொண்டிருந்தார்கள். எந்தப் பக்கம் கதவு, எங்கே அடுப்பு என்று வாக்குவாதம். யார் வென்றது என்று இருவருக்கும் தெரியாது.

இந்த வருஷம் விசாப் பொடியன்கள் இன்னும் குறைந்துவிட்டார்கள். ஏப்ரலில் போர்மன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றபோது, என் கரப்பந்துக் கூட்டாளிகளுக்கு நான் போன் போட்டேன். விட்பியிலிருந்து ஒருவன், மார்க்கம் நகரிலிருந்து இருவர், ஸ்காபரோவிலிருந்து மூன்று பேர். முதல்நாள் பயிற்சியில் ஆறு பேரும் நாலடிக்கு மேல் ஓடினார்கள். கத்திக் கத்திப் போர்மனின் தொண்டை அடைத்துப்போயிற்று. இப்போது எங்களிடம் இருபத்தொரு பேர். வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம், காலை பத்து மணிக்கு. மகளின் ஆட்டம் அதற்கும் முன், ஒன்பது மணிக்கு. அவள் இன்றைக்கு, செவ்வாய்க்கிழமையே, சப்பாத்தைத் துடைத்துக் கதவடியில் வைத்துவிட்டாள்.