சின்னப்பன் என்பது ஆள் பெயர்

ஜவ்வாது மலையில் சாமைக்கு மெஷின் ஏற்றியவன் நான். தார் ரோடு முடிந்த இடத்திலிருந்து டீசல் என்ஜினை மூங்கிலில் கட்டித் ஆட்களோடு தோளில் தூக்கிப்போய் மேல்கொல்லை ஊரில் இறக்கினேன். மேலே ஒரு தகரக் கொட்டகை, கீழே சந்தவாசல் பக்கம் ஒரு மெத்தை வீடு, இரண்டும் என் கையால் எழும்பியவை. மகனை இன்ஜினியர் ஆக்கினேன். மகளை நர்ஸ் ஆக்கினேன். என் அப்பா படவேட்டுப் பக்கம் கரும்பு வெட்டிப் பிழைத்தவர். நான் படித்தது நான்காவது வரைக்கும்தான். எனக்கு முன்னால் இந்த மலையில் வேறு யாராவது சாமை மெஷின் வைத்திருந்தால் வந்து சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். இதுவரை யாரும் வரவில்லை.

வேலை கற்கும் பிள்ளைகள் படிப்பதற்காக இதை எழுதுகிறேன். மேல்கொல்லை சாமை சங்கத்தின் கமிட்டிக்காரர்களும் படிக்கவேண்டும். அவர்களிடம் ஒன்று கேட்க இருக்கிறது. அது கடைசியில்.

டயர்

வாலிபத்தில் நான் ஒரு நெல் மில்லில் ஃபிட்டர். மலையிலிருந்து ஜனங்கள் சாமை மூட்டையோடு இறங்கி வருவார்கள். சாமை கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். நெல் மெஷினில் போட்டால் பாதி உமியோடு வரும், மீதி நொய்யாகிவிடும். பெண்கள் அதை அள்ளிப் பார்த்துவிட்டு எங்களைத் திட்டிக்கொண்டே மலையேறுவார்கள்.

"முதலாளி, சாமைக்குன்னே ஒரு மெஷின் செஞ்சா இன்னா?" என்று கேட்டேன்.

"செஞ்சி?"

"மலையிலயே வெச்சி ஓட்லாம்."

முதலாளி சிரித்தார். "டேய், மலைக்காரன் சாமைய அவன் வூட்டுப் பொம்பள குத்திக்குவா. நீ போய் பேரிங்குக்கு கிரீஸ் வை."

கிரீஸ் வைத்தேன். வைத்துக்கொண்டே யோசித்தேன். ஒரு இரும்பு டிரம். உள்ளே வேகமாகச் சுற்றும் தட்டு. மேலே இருக்கும் தொட்டியிலிருந்து சாமை அந்தத் தட்டில் விழவேண்டும். தட்டு அதை விசிறி டிரம்மின் சுவரில் அடிக்கவேண்டும். அடிபட்டால் உமி பிளக்கும். இதுதான் என் கணக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து செய்தேன். ஓட்டிப் பார்த்தால் உமியும் பிளந்தது, அரிசியும் உடைந்தது.

பட்டறை வாசலில் தேய்ந்துபோன லாரி டயர் ஒன்று கிடந்தது. அதன்மேல் உட்கார்ந்துதான் டீ குடிப்பேன். ஒருநாள் கையிலிருந்த சாமையை அதன்மேல் வீசி எறிந்தேன். தெறித்துத் திரும்பி வந்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு டயரை வெட்ட ஆரம்பித்தேன். டிரம்மின் உள்சுவர் முழுக்க ரப்பர் ஒட்டி ஓட்டினேன். முழு அரிசி வந்தது. அன்றைக்கு நான் அந்த ரோட்டில் சத்தம்போட்டுக்கொண்டே நடந்து போனேன். பார்த்தவர்கள் குடித்திருக்கிறான் என்று நினைத்தார்கள்.

இங்கே ஒரு சின்ன விஷயம். எல்லாம் முடிந்தபின் தொட்டியின் மேல் என் பெயரை வெல்டிங்கில் எழுதலாம் என்று ஆரம்பித்தேன். 'சி' போட்டதும் ராடு தீர்ந்துவிட்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். மறுநாள் மெஷினை ஏற்றிப்போக லாரி வந்துவிட்டது.

அம்மனுக்கு மெஷின் சோறு

மேல்கொல்லையில் மெஷினை நிறுத்தியபோது சாமை அறுவடை முடிந்திருந்தது. நல்ல நேரத்தில் வந்திருக்கிறோம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு தகரத் தட்டை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனேன். "புதுச் சாமை கொண்டாங்க! அம்மன் பொங்கலுக்கு நான் அரைச்சித் தர்றேன்! கூலி வாணாம்!"

ஒருவரும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. நான் என்ஜினை ஸ்டார்ட் செய்து சும்மா ஓடவிட்டேன். சத்தம் கேட்டால் வருவார்கள் என்று நினைத்தேன். நாய்கள்கூட அந்தப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டன. கொட்டகையில் தனியாகச் சோறு பொங்கித் தின்றுகொண்டு, மெஷினை இறக்க எத்தனை ஆள் கூப்பிடவேண்டும் என்று யோசிக்க ஆரம்பித்தேன். கீழே மனைவி லூர்துமேரி பிள்ளைகளோடு இருந்தாள். நெல் மில் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தேன். இது போனால் கரும்பு வெட்டத்தான் போகவேண்டும்.

கடைசியில் காளியம்மா வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். இடுப்பில் முறம், அதில் ஒரு மணி சாமை இல்லை. சண்டைக்கு வந்திருந்தார்.

"எங்க அம்மனுக்கே மெஷின் சோறு போட வந்தியாமே?"

"கூலி வாணாம்னுதான சொன்னேன், அக்கா?"

"கூலியா பேச்சு? புதுச் சாமைய கையால குத்தி அவளுக்குப் பொங்கல் வெக்கணும். அவ துன்ன அப்பறம்தான் நாங்க. அதுக்கு முன்ன உன் இரும்ப தொட்டா, அவ சும்மா வுடுவாளா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்கள் மாதா கோயிலிலும் முதல் கதிரைப் பீடத்தில் வைத்தபிறகுதான் அறுவடையை வீட்டுக்குக் கொண்டுபோவோம். அது தெரிந்தவன் நான். தெரிந்தே தெருவில் தட்டடித்திருக்கிறேன்.

"பொங்கல் என்னிக்கு, அக்கா?"

"வர்ற செவ்வா."

"அதுவரிக்கும் என்ஜின் ஓடாது."

காளியம்மா என் முகத்தைப் பார்த்தார். "சோறு துன்னியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

புதன்கிழமை காலையில் முதல் மூட்டை அவருடையது. ஊரே கொட்டகை வாசலில் நின்றது. அரிசி கொட்டியது. காளியம்மா ஒரு பிடி அள்ளி ஊதிப் பார்த்தார், வாயில் போட்டு மென்றார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"அரிசி முழுசாத்தான் கீது," என்றார். "ஆனா லாரி வாட வருதே?"

சிரித்த சிரிப்பில் கொட்டகைத் தகரம் ஆடியது. அந்த வருஷம் முழுக்க என்னை லாரிச்சோறு என்றுதான் கூப்பிட்டார்கள். ரப்பரைக் கழற்றிச் சாம்பல் தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, திரும்ப ஒட்டி, தவிட்டைப் போட்டு நாளெல்லாம் ஓட்டினேன். வாடை போனது. பெயர் மட்டும் போகவில்லை.

சத்தம்

அதன்பிறகு பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் கூட்டம். மலையில் பெண்கள் உலக்கையைத் தாழ்வாரத்தில் சாத்தினார்கள். சாத்தவைத்தது நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை.

சீசனில் நான் மலையைவிட்டு இறங்கமாட்டேன். கூட்டம் என்றால் பேச்சுத்துணை இருக்கும் என்று நினைப்பீர்கள். என்ஜின் ஓடும்போது யாருடனும் பேசமுடியாது. வாசலில் நின்று "சின்னப்பா!" என்று கத்துவார்கள், நான் திரும்பிக் கத்துவேன். "எத்தினி மூட்ட?", "ஓரமா வை!", "சாயந்திரம் வா!" இவ்வளவுதான் பேச்சு. என்ஜினை நிறுத்தும்போது எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். காது மந்தமானது அப்போதுதான். கத்திப் பேசும் பழக்கமும் அப்போது வந்ததுதான், இன்னும் விடவில்லை. மகன் ஓசூரில் இருக்கிறான். போன் செய்தால் முதல் வார்த்தையே, "அப்பா, கத்தாதீங்கப்பா, பக்கத்துல மீட்டிங் நடக்குது" என்பான். சரி என்று நான் சத்தத்தைக் குறைத்தால் என் குரல் எனக்கே கேட்பதில்லை. அதனால் போனை வைத்துவிடுவேன்.

முட்டி போனபிறகு மெஷினை அந்த ஊர்ப் பெண்கள் குழுவிடம் விட்டுவிட்டு இறங்கினேன். அதன்பிறகு பல வருஷமாக மலையேறவில்லை. லூர்துமேரி போய்ச் சேர்ந்தபின் மெத்தை வீட்டில் நான் ஒருவன்தான். மாடி அறைகள் பூட்டியே இருக்கின்றன. பிள்ளைகள் வந்தால் தங்கட்டும் என்று கட்டினேன். ஒருவனுக்காக உலை வைத்தால் எப்படி வைத்தாலும் சோறு மிஞ்சிவிடுகிறது.

பஸ்ஸில்

போன மாதம் மேல்கொல்லையில் புது மெஷின் திறப்புவிழா என்று கடையில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அழைப்பு இல்லை. வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். இப்போது ஊர்வரை ரோடு போட்டுவிட்டார்கள். பக்கத்து சீட்டில் ஓர் இளம்பெண், மடியில் காலிச் சாக்குகள்.

"எங்கம்மா போற?" என்றேன்.

"கத்தாதீங்க தாத்தா, இங்கதான கீறேன். சின்னப்பன்ல சாமை போட்ருக்கேன், எடுக்கப் போறேன்."

அவள் பக்கம் திரும்பினேன். "சின்னப்பன்னா யாரு?"

"யாரா?" சிரித்தாள். "அது ஆளு இல்ல தாத்தா, மெஷினு. சாமை அரைக்கிற மெஷினுக்கு சின்னப்பன்னு பேரு."

"ஏன் அந்தப் பேரு?"

"கம்பெனி பேரா இருக்கும். மேல தொட்டியில 'சி'ன்னு மார்க் போட்ருக்கும், நீங்க பாத்ததில்ல?"

"பாத்திருக்கேன்."

"இன்னியோட அதுக்கு ரெஸ்ட்டு. புதுசு வந்திட்ச்சி. பழைய இரும்புக்குப் போடப் போறாங்களாம்."

சன்னலில் மலை வந்துகொண்டே இருந்தது. பெருமைப்படுவதா, அழுவதா என்று தெரியாமல் ஒரு மனிதன் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால் எப்படி இருப்பானோ, அப்படி இருந்தேன். ஊரே என் பெயரைச் சொல்கிறது. என்னைத்தான் யாருக்கும் தெரியவில்லை.

விழா

புது மெஷின் நல்ல மெஷின். உள்ளதைச் சொல்லவேண்டும். கல் தனியாக, உமி தனியாக, அரிசி தனியாக விழுகிறது. சத்தமும் இல்லை, பக்கத்தில் நின்று பேசலாம். என் மெஷினை வெளியே புளியமரத்தடியில் சாய்த்து வைத்திருந்தார்கள். தொட்டியில் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது.

சங்கத்தை நடத்துகிற மேடம் சின்ன வயது, மரியாதையான பெண். நாற்காலி போட்டு, காபி கொடுத்து, "ஐயா எந்த ஊரு?" என்று கேட்டார்.

"நான்தான் சின்னப்பன்," என்றேன்.

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பஸ்ஸில் வந்த பெண் என் கையைத் தட்டினாள். "தாத்தா, பஸ்ல நான் சொன்னத வெச்சி என்னையே கலாய்க்கறீங்களா?"

"நெஜமாத்தாம்மா. நான் செஞ்ச மெஷினு அது!"

"சரிங்க தாத்தா, நீங்கதான் மெஷினு. காபி குடிங்க."

அடையாளம் சொல்ல ஒருவரும் இல்லை. மூட்டை தூக்கி வந்த கைகள் எல்லாம் மண்ணுக்குள் போய்விட்டன, இல்லையென்றால் பிள்ளைகளோடு திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்விட்டன. அப்போதுதான் ஓரத்தில் இருந்த ஒரு கிழவியை மேடம் கேட்டார். "பாட்டி, சின்னப்பன்னு ஒரு ஆள் இருந்தாரா?"

கிழவிக்குக் கண்ணில் வெள்ளை விழுந்திருந்தது, பார்வை இல்லை. "இருந்தானே. கீழ்நாட்டான், மலைக்குக் கீழ இருந்து வந்தவன். செத்துப் பல வருஷம் ஆச்சி. நல்ல மனுசன். அவன் வந்துதான் என் கைல உலக்க காய்ப்பு போச்சி."

காளியம்மா.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, "அக்கா! நான் சாவல அக்கா! இங்கதான் கீறேன்!" என்று கத்தினேன். மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தவன் திடுக்கிட்டு அதை அணைத்தான். கோழி தொட்டியிலிருந்து பறந்தது.

காளியம்மா முகத்தைச் சுளித்துக் காதைப் பொத்தினார். பொத்திய கை மெதுவாக இறங்கியது.

"இந்த மாதிரி கத்தறவன் ஒருத்தன்தான்," என்றார். "டேய் லாரிச்சோறு, சாவலயா நீ?"

அப்போது சிரிப்பு நின்றது. பஸ் பெண் என்னையும் மரத்தடி மெஷினையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் போய்க் காளியம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என் கையைத் தடவி, "பொண்டாட்டி?" என்றார். போய்விட்டாள் என்றேன். "சோறு துன்னியா?" என்றார்.

விழாவில் வந்தவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னார்கள். என் பெயரைச் சொல்லவில்லை. எழுதிவைத்த நன்றியுரையில் அது இல்லை. என் மெஷினைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள் என்று மேடத்திடம் கேட்டேன். "கமிட்டியில பேசிட்டுச் சொல்றேன் ஐயா," என்றார். அதற்குள் பழைய இரும்புக்காரன் வரமாட்டான் என்று மட்டும் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

கேட்பது

வேலை கற்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். நீங்கள் செய்த பொருளில் பெயர் எழுதும்போது ராடு தீர்ந்தால், போய் வாங்கிவந்து முழுப் பெயரையும் முடித்துவிட்டு மெஷினை ஓட்டுங்கள். லாரி காத்திருக்கட்டும். ஜனங்கள் உங்கள் பொருளை மறக்கமாட்டார்கள். அது தானாக வந்தது என்று நினைத்துக்கொள்வார்கள்.

கமிட்டிக்குச் சொல்வது: புது மெஷினுக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. பழையதைக் கொட்டகை வாசலில் நிறுத்துங்கள். ஓடவேண்டாம், சும்மா நிற்கட்டும். சின்னப்பன் என்பது கம்பெனி பெயர் இல்லை, ஆள் பெயர் என்று சாமை எடுக்க வருகிற பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும். இதை நான் பிச்சையாகக் கேட்கவில்லை. அது என்னுடையது, கொடுங்கள் என்கிறேன். காளியம்மாவும் நானும் இருக்கும்போதே செய்யுங்கள். எங்களுக்குப் பின்னால் சாட்சி கிடையாது.

தொட்டியில் 'சி'க்குப் பக்கத்தில் இடம் விட்டுத்தான் வைத்திருக்கிறேன். மீதி எழுத்து எனக்குக் கோணலாக வரும். படித்த பிள்ளை யாராவது சாக்பீஸில் எழுதிக் கொடுங்கள், அதன்மேல் நான் வெல்டிங் வைக்கிறேன். கை இன்னும் நடுங்கவில்லை. ராடு நானே கொண்டுவருகிறேன். இந்தமுறை ஒரு கட்டு முழுசாக.